தீராத வயிற்றுவலி

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 71, ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டாம் கட்டை ஒழித்தபோது, பெட்டகத்துக்குப் பின்னால் எங்கள் ஐயா சணல் போட்டுக் கட்டிவைத்த பழைய பேப்பர்கள் கிடைத்தன. எல்லாம் 1950களில் வந்தவை. 1957ஆம் வருஷத்துப் பேப்பர் ஒன்றில் என் அத்தை இறந்த செய்தி இருந்தது. அத்தை வயிற்றுவலியில் இறந்துபோனார் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். பேப்பரில் தற்கொலை என்று போட்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துக் கட்டு முழுவதும் பார்த்தேன். வாரத்துக்கு நாலைந்து செய்தி இதே மாதிரி. இப்படி எழுதி எழுதியே ஜனங்களுக்கு அந்த எண்ணம் வந்தது என்கிறார்களே, உண்மையா? பேப்பர் கட்டை எரித்துவிடலாமா? எனக்குக் கண்ணில் புரை. தினமும் காலையில் மகள் வயிற்றுப் பேரன்தான் பேப்பர் வாசித்துக் காட்டுகிறான். ப்ளஸ் டூ படிக்கிறான், அவன் தாய் தகப்பன் சிங்கப்பூரில். பேப்பரை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன். போன வாரம் ஒரு மாணவன் இறந்த செய்தியை வாசித்துவிட்டு, "அவனுக்கு இனிமே பரீட்சை கெடையாது ஆயா" என்று சொல்லி எழுந்து போய்விட்டான்.

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு, வணக்கம்.

நாலு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் பழைய பேப்பரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பேரன் சொன்னது கடைசிக் கால் பக்கத்தில் வருகிறது. என்னிடம் வருகிறவர்களும் இப்படித்தான். தூக்கமில்லை, தலை கனக்கிறது என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்பார்கள். அவர்கள் வந்ததே அந்த இன்னொன்றுக்காக இருக்கும். எனவே பேரனிடமிருந்தே தொடங்குகிறேன். பேப்பர் கட்டு அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தது, இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும்.

"அவனுக்கு இனிமே பரீட்சை கெடையாது" என்பதை பதினேழு வயசுப் பையன் குத்தலாகவும் சொல்லலாம், பொறாமையாகவும் சொல்லலாம். குரலை நீங்கள் கேட்டீர்கள், நான் கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான் என்று எழுதவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே அவனிடம் கேட்டுவிடுங்கள், இன்று ராத்திரியே. சுற்றி வளைக்க வேண்டாம். "அன்னைக்கு அப்படிச் சொன்னியே ராசா, உனக்கும் செத்துப்போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுதா?" இந்த அளவு நேராகக் கேட்கலாம்.

கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டினதாக ஆகிவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆகாது. பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்தாகிவிட்டது. கேள்வியால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. முன்பே மனதில் இருந்தால் அதை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். "போ ஆயா, சும்மா சொன்னேன்" என்று சிரித்தால் நல்லது. அப்போதும் தூக்கம், சாப்பாடு, கூட்டாளிகளோடு போக்குவரத்து இதெல்லாம் மாறியிருக்கிறதா என்று கொஞ்ச நாள் பாருங்கள். "ஆமா" என்றாலோ, பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தாலோ, உடனே புத்தி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். நாற்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு இது சிரமம்தான், தெரியும். கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். தனியாக விட வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரை, தோட்டத்து மருந்து எல்லாவற்றையும் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு அன்றைக்கே போன் போடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104லும் பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், என்னிடமும் அழைத்து வரலாம். டோக்கன் போட வேண்டாம், நேரே உள்ளே வாருங்கள்.

சரி, இனி பேப்பர் கட்டு.

அத்தையைப் பற்றிய செய்தியைக் கடிதத்தில் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் ஏழு வரி. முதல் வரியில் ஊர்ப்பெயரும் தேதியும். இரண்டாவதில் பெயர், வயது 22, இன்னாரின் புதல்வி. மூன்றாவதில் "தீராத வயிற்றுவலியால் அவதியுற்று வந்ததாகக் கூறப்படுகிறது". நாலாவது வரியை இங்கே விட்டுவிடுகிறேன். எதை வைத்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற விவரம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. ஐந்தாவது "வாழ்க்கையில் வெறுப்புற்று". ஆறாவது வரி ஆஸ்பத்திரி. ஏழாவது "போலீஸார் விசாரித்து வருகின்றனர்". ஏழு வரியில் மிக நுணுக்கமாக எழுதப்பட்டது நாலாவது வரிதான். அத்தைக்குப் பாட வருமா, யாரோடு பேசுவார், அந்த வருஷம் அவருக்கு என்ன நடந்தது என்பதற்கெல்லாம் அரை வரி கூட இல்லை.

பெயரையும் ஊரையும் மாற்றிப் போட்டால் இந்த ஏழு வரி போன மாதத்துச் செய்தியாகவும் இருக்கலாம். அச்சு எழுத்து மாறியது, கம்ப்யூட்டர் வந்தது, கலர் வந்தது. இந்த ஏழு வரி மட்டும் மாறவில்லை. காரணம், இது எழுத்தாளர் எழுதுகிற எழுத்தே இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் பிறக்கிறது. இயற்கைக்கு மாறான சாவு என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவில் விசாரணை நடக்க வேண்டும். புதிய சட்டத்தில் அது 194. வீட்டு ஆள் ஒருவர், சாவு விழுந்த ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள், அழுதுகொண்டோ பயந்துகொண்டோ ஒரு புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் "காரணம்" என்று ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். மாமியார் பேரைச் சொன்னால் வழக்கு, கடனைச் சொன்னால் மானம் போகும், காதலைச் சொன்னால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது. வயிற்றுவலி யாரையும் காட்டிக்கொடுக்காது. அந்த வார்த்தை ஸ்டேஷன் தாளில் ஏறும், சாயங்காலம் பகுதிநேர நிருபர் அதைப் பார்த்து எழுதுவார், மறுநாள் அச்சாகும். உங்கள் வீட்டில் "வயிற்றுவலி" என்று சொல்லி வளர்த்தார்களே, அதுவும் பேப்பரில் வந்த வயிற்றுவலியும் ஒரே வாயிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

இதில் ஒரு சின்ன நியாயமும் உண்டு. நம் ஊரில் மனச்சோர்வு நோய் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. நெஞ்செரிச்சல், அடிவயிற்று வலி, பிடரி வலி என்று உடம்பு வழியாகத்தான் வரும். ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிய பிறகு என்னிடம் வருகிறவர்கள் வாரத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். நீண்டநாள் வலியே மனதை முறிப்பதும் உண்டு. ஆகவே அத்தைக்கு வயிறு வலித்திருக்கலாம், பொய் என்று தள்ள வேண்டாம். ஆனால் ஒரு மனுஷியின் முடிவுக்கு அது ஒன்றே விளக்கமாகாது.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. எழுதி எழுதியே ஜனங்களுக்கு எண்ணம் வந்ததா?

இது புதிய சந்தேகம் இல்லை. 1841லேயே லண்டனில் பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்த்த வில்லியம் ஃபார் என்ற மருத்துவர், தற்கொலை பல நேரம் ஒன்றைப் பார்த்து ஒன்று நடக்கிறது என்று எழுதினார். காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றி விலாவாரியாக எழுதாத பத்திரிகை, இதை மட்டும் ஏன் இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்றும் கேட்டார். பத்திரிகைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் 1897இல் பிரான்சில் எமில் துர்கெய்ம் என்ற சமூகவியல் மேதை, பார்த்துச் செய்வது அங்கங்கே இருக்கலாம், ஆனால் மொத்த எண்ணிக்கையை அது பெரிதாக மாற்றாது, சமூகக் கட்டு தளர்வதுதான் வேர் என்று வாதிட்டார். அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பில், ரொம்ப நாள் இந்தக் கேள்வியை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

1974இல் அமெரிக்காவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்பவர் ஒரு வேலை செய்தார். 1947 முதல் 1968 வரை நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்த தற்கொலைச் செய்திகளையும் மாதவாரி இறப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செய்தி வந்ததை அடுத்து எண்ணிக்கை ஏறியிருந்தது. எவ்வளவு பெரிதாகப் போட்டார்களோ அவ்வளவு ஏற்றம். அந்தப் பேப்பர் நன்றாக விற்கிற பகுதியில் ஏற்றம் அதிகம். 1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்த பிறகு அமெரிக்கா முழுவதும் 12 சதவீதம் கூடியிருந்தது.

இதைத் திருப்பிப் போட்டும் பார்த்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்த பகுதி அது. பேப்பரே வராத ஊரில் என்ன ஆகும்? ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், பத்திரிகை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த அமெரிக்க நகரங்களைத் தேடிப் பிடித்தார். முதலில் பல ஊர்களைச் சேர்த்துப் பார்த்ததில் உருப்படியான வித்தியாசம் தெரியவில்லை. பிறகு, 1967-68இல் பல மாதம் பேப்பர் இல்லாமல் கிடந்த டெட்ராய்ட் நகரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார். பெண்களிடையே தற்கொலை குறைந்திருந்தது, ஆண்களிடையே இல்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு "ஆமாம், பத்திரிகைதான் கொன்றது" என்று என்னால் எழுத முடியாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற ஒருவரின் காலடியில் கொஞ்சம் மண்ணைப் பறிக்கும். மற்றவர்கள் காபி குடித்தபடி அடுத்த பக்கம் போய்விடுவார்கள். விளிம்பில் நிற்பவர் யார் என்று அச்சடிக்கிறவருக்குத் தெரியாது, கஷ்டம் அதில்தான்.

பர்சில் செய்தித் துண்டோடு வந்த ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வட்டிக்கடைக் கடனில் மாட்டிய நடுத்தர வயதுக்காரர். பேசிக்கொண்டே இருந்தவர், பர்சிலிருந்து நாலாக மடித்த ஒரு பேப்பர் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்து வெள்ளையாக இருந்தது, அத்தனை தடவை பிரித்துப் பார்த்திருக்கிறார். கடன் தொல்லையில் ஒரு குடும்பம் எடுத்த "விபரீத முடிவு" பற்றிய செய்தி அது. "இவருக்கும் என் வயசுதான் டாக்டர், கடனும் ஏறக்குறைய அதே தொகை" என்றார். அந்தத் துண்டில் என்ன செய்தார்கள் என்பது இருந்தது, எப்படிச் செய்தார்கள் என்பதும் இருந்தது. அதே தொகைக் கடனில் மாட்டி, வீட்டை விற்று அடைத்து, இன்று பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருகிற ஆட்கள் இதே காரைக்குடியில் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி ஒரு துண்டுச் செய்தியும் வந்ததில்லை, வந்திருந்தால் அவர் பர்சில் அது இருந்திருக்கலாம். அவர் இப்போது நன்றாக இருக்கிறார். துண்டை என் மேஜை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கிறேன், திருப்பிக் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் பழைய உதாரணம் இருக்கிறது. 1914 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு சிறுமி. வரதட்சணைக்காகத் தகப்பன் வீட்டை அடகு வைக்கப் போகிறார் என்று தெரிந்து உயிரை விட்டாள். பத்திரிகைகள் அவளைத் தியாகி ஆக்கின, பாட்டு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான், வரதட்சணை ஒழிய வேண்டும் என்பது. ஆனால் அதன்பின் வங்காளத்தில் வேறு பெண்களும் அவளைப் போலவே செய்த செய்திகள் வர ஆரம்பித்தன. வரதட்சணை ஒழியவில்லை.

நம் பக்கம் 1964, 65 இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்தில் சிலர் உயிரை விட்டது உங்களுக்குத் தெரியாததில்லை. அவர்கள் உணர்வைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் மருத்துவனாகப் பார்க்கும்போது ஒரு சங்கிலி தெரிகிறது. 1964 ஜனவரியில் ஒருவர், அடுத்த வருஷம் வெவ்வேறு ஊர்களில் அதே மாதிரி பலர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் பல இடங்களில் தொண்டர்கள் உயிரை விட்டார்கள். செய்தியில் பெயர், படம், மாலை, தலைவர்களின் அஞ்சலி எல்லாம் ஒன்றாக வரும்போது, வாழ்க்கையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவனுக்கு அது வேறு மாதிரி பேசும். பெயர்களை நான் எழுதாததற்கும் காரணம் அதுதான்.

இந்தப் பேச்சில் தமிழ்ப் பத்திரிகைகளைத் திட்டுவது எளிது. ஆனால் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய எனக்கு மனமில்லை. 1920களிலேயே காரைக்குடியிலிருந்து குமரன், ஊழியன் என்று பத்திரிகை நடத்திய மண் இது. 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரையும் வாசகராக்கியது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் வாசிக்க எட்டுப் பேர் கேட்டார்கள். அந்த வாசிப்பால் வந்த நன்மை பெரிது. கூடவே இந்த ஏழு வரிச் செய்தியும் எட்டுப் பேர் காதுக்குப் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு நிலைமை என்ன என்று கேட்பீர்கள். 2016 ஜூன் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் அதிகம் படிக்கப்படும் ஒன்பது நாளிதழ்களை ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஏழு மாதத்தில் 1,681 செய்திகள். ஒரு பேப்பருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்று. அவற்றில் 43.3 சதவீதம், முறையை விவரமாக எழுதியிருந்தன. உதவிக்கு எங்கே கூப்பிடலாம் என்ற எண்ணைக் கொடுத்தவை 2.5 சதவீதம். உங்கள் ஐயா கட்டிவைத்த பேப்பரின் நாலாவது வரி அப்படியே பிழைத்திருக்கிறது, பாருங்கள்.

மாற்ற முடியும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் சுரங்க ரயில் 1978இல் வந்தது. 1980களின் நடுவில் அங்கே தற்கொலைகள் கூடின, பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டன. 1987இல் மருத்துவர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, எப்படி எழுதினால் ஆபத்து என்று உட்கார்ந்து பேசினார்கள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். முதல் பக்கத்திலிருந்து எடுத்தார்கள், சுருக்கினார்கள், சிலதைப் போடவே இல்லை. அந்த வருஷத்தின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிட்டால் சுரங்க ரயில் தற்கொலைகள் சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தன. எண்ணிக்கை சின்னது, தற்செயல் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். ஆனால் குறைந்தது திரும்ப ஏறாமல் வருஷக்கணக்கில் நின்றது. சட்டம் போட்டு வாயைக் கட்டவில்லை, பேசித்தான் சாதித்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே ஆஸ்திரியாவில் 2010இல் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். உயிரை விட நினைத்து, அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பின் எண்ணிக்கை குறைகிறது. நம் கடன்காரர் பர்சில் இருந்திருக்க வேண்டிய செய்தி என்றேனே, அது இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே பத்திரிகையாளர்களுக்கு வழிகாட்டுதல் போட்டுவிட்டது. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019 செப்டம்பரில் அதை ஏற்று, முறையை எழுதாதீர்கள், இடத்தைச் சொல்லாதீர்கள், பரபரப்புத் தலைப்பு வேண்டாம், படம் போடாதீர்கள் என்று சொன்னது. சில பேப்பர்களில் இப்போது செய்தியின் அடியில் உதவி எண்ணைப் பெட்டி கட்டிப் போடுகிறார்கள். மேலே நாலாவது வரி, கீழே உதவி எண். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டி இருக்கட்டும்.

என் பங்கிலும் ஒரு தப்பு உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு மாணவியின் மரணத்தை ஒட்டி ஒரு நிருபர் போனில் கருத்துக் கேட்டார். கால் மணி நேரம் பேசினேன். வீட்டுச் சூழல், முன்பே இருந்திருக்கக்கூடிய சோர்வு, தூக்கம், தனிமை எல்லாம் சொன்னேன். நடுவில் "மார்க் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்" என்றேன். மறுநாள் தலைப்பு: "மார்க் பயமே காரணம்: மனநல மருத்துவர்". கோபத்தில் போன் போட்டேன். "சார், தலைப்பு நான் வைக்கிறது இல்ல" என்றார் அந்தப் பையன், உண்மையும் அதுதான். அப்போதிலிருந்து யார் கேட்டாலும் ஒரே வாக்கியமாக எழுதித்தான் கொடுக்கிறேன்.

ஒரே காரணம் என்ற இந்தப் பழக்கம் அரசாங்கத்துக்கும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலைகளைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், அதில் ஒரு காரணம். குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம் என்று பட்டியல் வரும். உங்கள் அத்தை இன்றைக்கு இறந்திருந்தால் "நோய்" என்ற கட்டத்தில் ஏறியிருப்பார். பேப்பரின் "வயிற்றுவலி"யும் இந்தக் கட்டமும் அண்ணன் தம்பி.

இந்த ஒரே காரணம்தான் உங்கள் பேரனை நினைத்து எனக்குக் கவலை தருகிறது. "தேர்வில் தோல்வி, மாணவர் தற்கொலை" என்ற தலைப்பை வருஷா வருஷம் படித்து வளர்கிற பிள்ளைக்கு அது செய்தியாகத் தெரிவதைவிட ஒரு கணக்காகத் தெரியும். தோல்வி என்றால் விடை இது. அதே நாளில் தோற்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகள் துணைத் தேர்வு எழுதி அந்த வருஷமே காலேஜில் சேர்ந்தது அவன் கண்ணுக்கு வருவதே இல்லை. 2017இல் தமிழக அரசு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியதே, பிள்ளைகள் விஷயத்தில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அதுவரை ரிசல்ட் அன்றைக்குப் பேப்பரின் ஒரு பக்கம் லட்டு ஊட்டும் படம், மறுபக்கம் இந்தச் செய்தி.

அதனால் பேப்பரை நிறுத்த வேண்டாம் என்றே சொல்வேன். நிறுத்தினால் அவன் செல்போனில் படிப்பான். அங்கே நாலாவது வரி படமாகவே வரும், பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆயாவுக்கு வாசித்துக் காட்டுவது என்பது ஒரு பெரிய பாதுகாப்பு, அது உங்களுக்கு வைத்தியம் செய்ததுபோல் அவனுக்கும் செய்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள், அவன் கண் ஏற்கெனவே படித்திருக்கும். "இதுல என்னத்தை எல்லாம் எழுதாம விட்டிருக்காங்க, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அந்தப் பையனுக்கு முந்தின மாதம் எப்படிப் போயிருக்கும், யாரிடம் பேசியிருக்கலாம், யார் கேட்டிருக்கலாம் என்று இருவரும் பேசுங்கள். தமிழாசிரியைக்கு நான் சொல்லித்தர வேண்டுமா, வரிகளுக்கு நடுவே படிப்பதை?

அத்தை விஷயத்தை அவனிடம் சொல்லலாமா என்று நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. சொல்லலாம். இன்று ராத்திரி வேண்டாம். முதலில் அவன் பேசட்டும், அவன் மனநிலை என்ன என்று தெரியட்டும், சில வாரம் போகட்டும். சொல்லும்போது நாலாவது வரி வேண்டாம். "எங்க அத்தைக்கு மனசுல பெரிய கஷ்டம் இருந்துச்சு, அந்தக் காலத்துல யாருக்கும் கேக்கத் தெரியல, இப்ப எனக்குத் தெரியும்" என்ற அளவு போதும். மறைத்த சாவு வீட்டுக்குள் ஒரு மூலையை இருட்டாகவே வைத்திருக்கும், பிள்ளைகள் அந்த மூலையை எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் படைப்பு உண்டல்லவா? முன்னோருக்குச் சேலை வைத்துக் கும்பிடும்போது அத்தை பெயரையும் சொல்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். எப்படிப் போனார் என்பதை யாரும் கேட்டால் "கஷ்டத்துல போயிட்டாக" என்று நிறுத்திக்கொள்ளலாம். அத்தையை நேரில் பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவர் என்ன சமைப்பார், எப்படிச் சிரிப்பார் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஏழு வரியில் இல்லாதது அங்கேதான் கிடைக்கும்.

கட்டை எரிக்காதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், தெரிந்திருக்கும். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். ஊரில் எத்தனை பேர் அதைக் குப்பை என்றார்களோ, இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு உலகத்தின் பல மூலையிலிருந்து வந்து படிக்கிறார்கள். அந்த மாதிரி இடத்துக்கு எழுதிக் கேளுங்கள். நம் பத்திரிகைகள் இந்தச் சாவுகளை எப்படி எழுதின என்று நாளைக்கு ஒருவர் ஆராய்ச்சி செய்தால் உங்கள் ஐயா கட்டிவைத்த கட்டு உதவும். அத்தை செய்தி வந்த அந்த ஒரு பேப்பரை மட்டும் தர மனமில்லை என்றால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பேரன் கையில் தூசி தட்டக் கொடுக்கிற முன் அதைத் தனியே எடுத்துவிடுங்கள்.

கண் புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கடைசிப் பக்கத்தில் வரி மேல் வரி ஏறியிருக்கிறது. செய்துகொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் காலையில் பேப்பரை அவன் கையில் கொடுத்து, "எழுத்து இன்னும் மங்கலாத்தான் இருக்கு ராசா, நீயே வாசி" என்று சொல்லுங்கள்.